நலிந்த உள்ளமும் உழைப்புரிமையும்

ரப்பர்த் தோட்டங்களில் ஒருவரை மற்றவர் பழித்துப் பேசும்போது, "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சொல்லும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில் 1911ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. பின்னாளில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்னும் மலாய்ப் பெயர் சூட்டப்பட்டது. மருத்துவமனையின் பெயர் மாறிற்று. ஊரின் பெயர் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. சிங்கப்பூரில் 1928இல் திறக்கப்பட்டு, பின்னர் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்ற மருத்துவமனைக்கும் இதே கதிதான். ஓர் ஊரின் பெயரே வசையாகிவிடும்போது, அவ்வூருக்குச் சென்று நலம்பெற்றுத் திரும்பும் மனிதரின் நிலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பற்றிய பேச்சில் 'அவர்' என்னும் சொல் தானாகவே 'அவன்' என்று இறங்கிவிடுகிறது. மொழியாசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய இலக்கணம் இது.

அவர் வேலை தேடிச் செல்லுமிடத்தில் முதலில் எழும் வினா, "முழுவதும் குணமாகிவிட்டதா?" என்பது. குடியை விட்டவராயின், "விட்டு எத்தனை மாதம் ஆயிற்று?" என்பது. இவ்வினாக்கள் இரண்டும் தீய எண்ணத்தால் எழுவன அல்ல. பெரும்பாலும் அக்கறையினால் எழுவனவே. ஆயினும் இவற்றின் அடியில் ஒரு கொள்கை மறைந்து கிடக்கிறது. முதலில் குணம், அதன் பின்னரே வேலை என்பது அக்கொள்கை. நலமான உள்ளம் என்பது உழைப்புலகின் வாயிலில் காட்ட வேண்டிய நுழைவுச்சீட்டு என்றும், சீட்டில்லாதவர் வெளியே காத்திருத்தல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. இவ்வரிசை உண்மையோடு பொருந்துவதா? பொருந்தினும் பொருந்தாவிடினும், அது அறத்தோடு ஒத்துவருவதா? இவை வேறு வேறு வினாக்கள். முதலாவதற்கு மருத்துவ ஆய்வுகள் விடை கூறக்கூடும். இரண்டாவதற்கு எந்த ஆய்வும் விடை கூறாது.

உழைப்பு மனத்தைத் தேற்றும் என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர் முன்னின்று 1796இல் திறந்த இல்லத்தில், சங்கிலிக்கும் அடிக்கும் மாற்றாக அன்பான நடத்தையும் தோட்டவேலையும் கைவேலையும் மருந்தாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெருமருத்துவமனைகள் அவ்வெண்ணத்தின் உடலை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டன. வயலும் சலவைக்கூடமும் அடுக்களையும் நோயாளிகளின் கைகளால் நடந்தன. கூலி இல்லை, மருத்துவம் என்னும் பெயர் மட்டும் இருந்தது. வெளியே சென்று வேலைசெய்யத் தகுதியற்றவர் என்று ஏட்டில் எழுதப்பட்ட ஒருவர், இருபது முப்பது ஆண்டுகள் உள்ளே நாள்தோறும் வேலைசெய்துகொண்டிருந்தார். அவரின்றிச் சலவைக்கூடம் ஒருநாளும் நடவாது. இம்முரண்பாடு அக்காலத்து அதிகாரிகளின் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பது வியப்பளிக்கிறது.

1973இல் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றமொன்று, இவ்வாறு உழைக்கும் நோயாளிகளுக்கும் தொழிலாளர் சட்டப்படி ஊதியம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நேர்மையான தீர்ப்பு. ஆனால் அதன் விளைவு வேறாயிற்று. ஊதியம் கொடுக்க மனமோ பொருளோ இல்லாத மருத்துவமனைகள் பல, வேலையையே நிறுத்திவிட்டன. கூலியின்றி உழைத்தவர் கூலியும் உழைப்புமின்றிச் சுவரைப் பார்த்து அமர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஃபிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர் வேறு வழி கண்டார். அங்கே நோயாளிகள் தங்களுக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு, அதுவரை 'மருத்துவமாக' இலவசமாய்ச் செய்துவந்த துப்புரவுப் பணியையே ஒப்பந்தம் செய்து ஊதியம் பெற்றுச் செய்தனர். துடைப்பமும் தாழ்வாரமும் மாறவில்லை, செய்தவர்தாம் மாறினார். நேற்றுவரை நோயாளியாக இருந்தவர் இன்று ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தொழிலாளி. பெரிய மனநோய் விடுதிகளைப் படிப்படியாக மூட வகைசெய்த சட்டம் இத்தாலியில் 1978இல் பிறந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒருவருக்கு வேலை கொடுத்தல் என்பது அவர் நேரத்தைப் போக்க ஏதேனும் ஒன்றைக் கையில் கொடுத்தல் அன்று. அவருடைய உழைப்புக்கு விலையுண்டு என்று ஒப்புக்கொள்ளுதலே வேலை கொடுத்தலாகும். கூலியற்ற கூடை முடைதல் பயிற்சியாக இருக்கலாம், உரிமையாக இராது.

இனி, வேலையினால் மனிதனுக்குக் கிடைப்பது கூலி மட்டுந்தானா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு சிற்றூர் இருந்தது. அவ்வூரின் வாழ்வுக்கு அடிப்படையாயிருந்த நெசவாலை, பொருளாதார வீழ்ச்சியின்போது மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் அவ்வூருக்குச் சென்று தங்கள் தோழர்களோடு ஆராய்ந்து 1933இல் நூலொன்று வெளியிட்டனர். வேலையிழந்தோர் கையில் நேரம் மிகுதியாக இருந்தது; ஆனால் நூலகத்தில் எடுக்கும் நூல்களின் எண்ணிக்கை குறைந்தது. தெருவில் ஆடவரின் நடை தளர்ந்தது. வழியில் அடிக்கடி நின்று நின்று சென்றனர். ஒரு நாளில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவர்களால் கூற முடியவில்லை. யஹோடா பிற்காலத்தில் இதனை விரித்துரைத்தார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதரோடு பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றை நிறைவேற்றும் நோக்கம், சமுதாயத்தில் ஓரிடம், கைகால்களுக்கு இடையறாத இயக்கம் ஆகியவற்றைக் கூலியோடு சேர்த்து வேலை கொடுத்துவிடுகிறது. வேலை போனால் எல்லாம் சேர்ந்து போய்விடுகின்றன.

இவ்வுண்மையைத் தமிழ்மாணாக்கர் அறிய ஆஸ்திரியாவுக்குச் செல்ல வேண்டியதுமில்லை. மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் வரலாறு அவர்கள் அறிந்ததே. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பசிப்பிணியை அவன் தீர்த்துவந்தான். இந்திரன் சினங்கொண்டு பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்து வளத்தைப் பெருக்கினான். பசித்தவர் இல்லை, எனவே ஆபுத்திரனைத் தேடி வருவாரும் இல்லை. ஊர் ஊராய்ச் சென்று உண்பார் உளரோ என்று கேட்டவன் நகைப்புக்கு இடமானான். சாவகநாட்டில் பஞ்சம் என்று கேட்டு மரக்கலம் ஏறிச் செல்கையில், மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். அங்கே அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்துறந்தான். எண்ணிப் பார்த்தால் உணவு இல்லாமல் அவன் இறக்கவில்லை. உலகத்துக்கே போதுமான உணவு கையில் இருந்தும், தன்னொருவன் வயிற்றுக்காக மட்டும் அதனை வைத்துக்கொண்டு வாழ அவனுக்கு மனமில்லை. பிறருக்குப் பயன்படாத வாழ்வு அவனுக்கு வாழ்வாகத் தோன்றவில்லை. நோயுற்று மீண்ட மகனுக்கு மூன்று வேளையும் சோறிட்டு, "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு" என்று அன்போடு கூறும் இல்லங்கள் ஆபுத்திரனின் துயரத்தைத் தம் கூரையின் கீழேயே உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அறியமாட்டா.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். வேலை நல்லதுதான், ஆனால் ஆயத்தமாகாத ஒருவரை வேலையில் சேர்த்தால், அவர் தோற்று, நோய் இன்னும் முற்றாதா? இத்தடை பொருளற்றதன்று. பல்லாண்டுகள் மருத்துவ உலகமே இதனை நம்பிற்று. முதலில் பயிற்சிப்பட்டறை, அதன்பின் பாதுகாக்கப்பட்ட வேலை, அதன்பின் ஒருவேளை உண்மையான வேலை என்று படிகள் அமைக்கப்பட்டன. பெரும்பாலோர் முதற்படியிலேயே முதுமையடைந்தனர். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் டெபரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் 1990களின் தொடக்கத்தில் இவ்வரிசையைத் தலைகீழாக்கினர். வேலைசெய்ய விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும், அவ்விருப்பமே தகுதி. அவர் விரும்பும் துறையில் உண்மையான வேலையை விரைவில் தேடு. வேலையில் சேர்ந்தபின் உடனிருந்து பழக்கு. மருத்துவரும் வேலைத்துணைவரும் ஒரே குழுவாக இயங்குக. துணைக்குக் கால எல்லை வையாதே. முறையின் சாரம் இவ்வளவே.

இதனை ஐரோப்பாவின் லண்டன், உல்ம், ரிமினி, சூரிக், குரோனிங்கன், சோஃபியா ஆகிய ஆறு நகரங்களில் கடும் மனநோயுற்ற 312 பேரிடம் சோதித்து, முடிவுகளை 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். புதிய முறையில் உதவி பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் ஒரு நாளேனும் பொதுச் சந்தையில் வேலை செய்தனர். பழைய முறையில் பயிற்சி பெற்றோரில் 28 பேரே அவ்வாறு செய்தனர். வேலை நோயை முற்றச் செய்யும் என்னும் அச்சத்துக்கு மாறாக, மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் புதிய முறையில் 20 விழுக்காடாகவும் பழைய முறையில் 31 விழுக்காடாகவும் இருந்தனர். நூற்றுக்கு 45 பேருக்குப் புதிய முறையும் வேலை தேடித் தரவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. மலேசியச் சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்கள் இம்முறையைத் தழுவியே தம்மிடம் வருவோர்க்கு வேலைத்துணை புரிகின்றன. ஆக, முதலில் குணம், பின்னர் வேலை என்னும் வரிசை உண்மையோடு முழுவதும் பொருந்துவதன்று.

குடியையும் போதையையும் பற்றிய வினா இதனினும் கடினமானது. நோயாளியிடம் இரக்கங்கொள்ளும் அதே நெஞ்சம் குடிகாரரிடம் கடுமை கொள்கிறது. அவர் தாமே தேடிக்கொண்டது என்று அது தீர்ப்பளிக்கிறது. இத்தீர்ப்பு மிகப் பழமையானது. மித்திலீன் நகரத்துப் பிட்டகஸ் குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த செய்தியை அரிஸ்டாட்டில் எழுதிவைத்துள்ளார். எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் எறிவதும் எறியாதிருப்பதும் எறிந்தவன் கையில்தானே இருந்தது என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். மறுக்க எளிதான வாதமன்று.

ஆனால் கல்லை எறிந்த கை எந்த வயதுக் கை என்று அரிஸ்டாட்டில் கேட்கவில்லை. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் குழந்தைப் பருவத்தை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. அடியும் வசையும், தாய் அடிபடக் காண்டலும், வீட்டில் குடியும், இவைபோன்ற கொடுமைகளில் நான்கு வகையையோ அதற்கு மேலோ இளமையில் பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நேரும் வாய்ப்பு, எதுவும் படாதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். பட்டவர் எல்லாரும் குடிப்பதில்லை. குடிப்பவர் எல்லாரும் பட்டவரும் அல்லர். ஆயினும் "ஏன் குடிக்கிறார்?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "அவருக்கு என்ன நேர்ந்தது?" என்ற கேள்வியையும் வைக்காமல் இனித் தீர்ப்புரைக்க இயலாது.

மலாயாத் தமிழரின் வரலாற்றில் அவ்விரண்டாம் கேள்விக்கு நீண்ட விடை உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்கப் பல்லாயிரம் தோட்டத்தொழிலாளரைக் கொண்டு சென்றனர். காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் தப்பி மீண்டவர்கள், கண்டதைச் சொல்லவும் இயலாமல் மறக்கவும் இயலாமல் மறுபடியும் பால்மரத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு உளமருத்துவர் யாருமில்லை. கள்ளுக்கடை இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் இசைவோடு, லயத்துக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. பெற்ற கூலியின் ஒரு பகுதி அதே தோட்டத்தில் கள்ளாக மாறிற்று. இதனைப் பொறாத இளைஞர்கள் கெடா மாநிலத்தில் தொண்டர் படை அமைத்து, 1947இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல் செய்தனர். காவல்துறையோடு மோதல் நேர்ந்து உயிரும் போயிற்று. பிற்காலத்தில் தோட்டங்கள் விற்கப்பட்டு நகரங்களாக மாறியபோது, வேலையும் வீடும் கோயிலும் ஒரே நாளில் கைவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவற்றின் பிள்ளைகளில் சிலர் கள்ளைவிடக் கொடிய பொருள்களுக்கு ஆளாயினர். தனிமனிதனின் ஒழுக்கக்கேடு என்று இவற்றையெல்லாம் எழுதிவிடுவது எளிது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் இருப்பதை மேடையில் எடுத்துரைத்து இறங்கிவிடுவதும் எளிது. கள்ளை விற்றவரைக் குறித்து மேடைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

அப்படியாயின் குடித்தவருக்குப் பொறுப்பே இல்லையா? இங்கேதான் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. பழி என்பது நேற்றையதைப் பற்றியது. பொறுப்பு என்பது நாளையதைப் பற்றியது. தமக்கு நேர்ந்ததற்கு ஒருவர் பழியுடையவர் அல்லர். தாம் செய்ததற்கும் அவர் பழி குறைந்தவராக இருக்கலாம். ஆயினும் நாளைக் காலை ஏழு மணிக்கு வருவேன் என்று அவர் சொன்னால், அச்சொல்லுக்கு அவரே பொறுப்பு. அவரிடம் பொறுப்பையும் எதிர்பாராமல் விடுவது இரக்கம்போல் தோன்றும்; உண்மையில் அது அவரை மனிதர் வரிசையிலிருந்து நீக்கிவிடுவதாகும். பழியைச் சுமத்திக்கொண்டே பொறுப்பைக் கேட்பது பயனற்றது. பழியை இறக்கிவைத்துவிட்டுப் பொறுப்பைக் கேட்கலாம். வேலை என்பது அதைக் கேட்பதற்கு மனிதர் கண்டுபிடித்தவற்றுள் மிக இயல்பான வழி.

உளக்காயம் அறிந்து உதவுதல் என்று இன்று கூறப்படும் நெறி இவ்விடத்தில்தான் பயன்படுகிறது. மேக்சின் ஹாரிசும் ராஜர் ஃபாலட்டும் 2001இல் இதனை வகுத்துரைத்தனர். பாதுகாப்பு, நம்பகம், தெரிவுரிமை, கூட்டுமுயற்சி, ஆற்றலளித்தல் என்னும் ஐந்தும் அதன் தூண்கள். பெயர்கள் பெரியவை, செயல்கள் சிறியவை. அடியிலும் அதட்டலிலும் வளர்ந்த ஒருவரைப் பலர் முன்னிலையில் மேலாளர் கூவி அழைத்தால், அவர் காதில் விழுவது மேலாளரின் குரலன்று, பழைய குரல். அன்று மாலை அவர் வேலையை விட்டுவிட்டால், காரணம் சோம்பல் என்று எழுதப்படும். தனியே அழைத்துத் தணிந்த குரலில் கூறியிருந்தால் தவறும் திருந்தியிருக்கும், தொழிலாளியும் நிலைத்திருப்பார். வேலைநேரம் மாறுவதாயின் முன்னாளே அறிவித்தல், வாசலைப் பார்த்து அமர விரும்புவோரை அவ்வாறு அமரவிடுதல், கடந்த காலத்தைத் துருவிக் கேளாதிருத்தல், தருவதாகச் சொன்ன விடுப்பைத் தருதல் ஆகியவற்றுக்குப் பணம் செலவாவதில்லை. பழைய தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் நடந்த வசைபாட்டைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு, அதட்டாமலும் வேலை வாங்கலாம் என்பது இன்னும் முழுவதும் நம்பிக்கையாகவில்லை.

மருந்தின் தன்மையையும் அறிதல் வேண்டும். மலேசியாவில் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்வோர்க்கு 2005 முதல் மெத்தடோன் என்னும் மருந்து வழங்கப்பட்டு வருகிறது. சிகிச்சையின் தொடக்கத்தில் நாள்தோறும் மருந்தகத்துக்கு நேரில் சென்று, பணியாளர் முன்னிலையில் அதனைக் குடிக்க வேண்டும். மருந்தகம் திறக்கும் நேரமும் தொழிற்சாலை தொடங்கும் நேரமும் ஒன்றாக இருப்பின், அம்மனிதர் ஒவ்வொரு காலையும் நலத்தையோ வேலையையோ ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவராகிறார். அரைமணி நேரம் தாழ்த்தி வர இசைவளித்தால் இச்சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடும். மனநோய்க்கான மருந்துகள் சில காலையில் தூக்கக் கலக்கத்தைத் தரும். அவற்றை உண்போர்க்குப் பிற்பகல் முறை ஏற்றது. லித்தியம் உண்பவர் கடும் வெயிலில் வியர்த்து உழைத்து நீரருந்தாதிருப்பின், இரத்தத்தில் மருந்தளவு மிகுந்து நஞ்சாகலாம். அவருக்கு நிழலும் நீரும் சலுகைகளல்ல. எந்த வேலைக்கு எவர் ஏற்றவர் என்று ஆராய்ந்து ஒப்படைப்பதற்குத் தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் தனியதிகாரமே வகுத்தார். அரசனுக்கு உரைத்தது அங்காடிக்காரருக்கும் பொருந்தும்.

முதலாளியின் பக்கத்தையும் கேட்டல் அறமாகும். பாரந்தூக்கி இயக்குபவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் போதையில் இருந்தால் இழப்பு அவரோடு நிற்பதில்லை. பிற தொழிலாளரின் உயிரைப் பணயம் வைத்து ஒருவரிடம் இரக்கம் காட்டும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை. ஆனால் இக்காரணம் சிலவகை வேலைகளுக்கே உரியது. அதைக் காட்டிக் கணக்கெழுதும் வேலையையும் பொட்டலங்கட்டும் வேலையையும் மறுப்பது காரணமன்று, சாக்கு. இன்னொன்று: ஆபத்தான வேலையில் வேண்டியது அன்றைய நிலையைச் சோதித்தல், பத்தாண்டுக்கு முந்தைய மருத்துவச் சீட்டைச் சோதித்தலன்று. சலுகையினால் பிற தொழிலாளருக்குச் சுமை கூடுமாயின் அதனையும் மறைக்கலாகாது. ஒருவர் தாழ்ந்து வரும் அரைமணியை மற்றொருவர் நாள்தோறும் ஈடுசெய்தால், இரண்டே மாதத்தில் வெறுப்பு வளரும். அச்சுமையை நிறுவனம் ஏற்க வேண்டுமேயன்றிப் பக்கத்து மேசைக்காரர் அல்லர்.

வேலைகேட்டு வருபவர் தம் நோயைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது மாணாக்கர் நன்கு வாதிடத்தக்க வினா. வாய்மையைத் தலையாய அறமாகக் கற்பிக்கும் வகுப்பறையில், மறைத்தல் பொய்யே என்று உடனே விடை வரும். ஆயின் வாய்மை என்பது கேட்க உரிமையுள்ளவரிடம் உண்மை கூறுதல். ஒருவரின் நீரிழிவையோ குடும்பச் சண்டையையோ நேர்காணலில் கேட்கும் உரிமை ஒருவருக்கும் இல்லையென்றால், மனச்சோர்வை மட்டும் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? சிங்கப்பூரில் வேலை விண்ணப்பங்களில் மனநோய் உண்டா என்று கேட்கலாகாது என 2020இல் முதலாளிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. மனநலக் குறையைக் காரணங்காட்டி வேலையில் வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டமும் 2025 சனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வினாவைத் தடுக்கும். சொல்லத் துணியும் ஒருவருக்குச் செவிகொடுக்கும் மனத்தைச் சட்டம் உண்டாக்காது. காலையில் மருந்தகம் செல்ல நேரம் வேண்டுமாயின் ஏதேனும் ஓரளவு சொல்லித்தான் ஆக வேண்டும். எவ்வளவு, யாரிடம், எப்போது என்பதைச் சொல்பவரே முடிவு செய்யட்டும்.

இவையெல்லாம் தொழிற்சாலைக்கும் அங்காடிக்கும் உரியவை என்று ஆசிரியர் எண்ணிவிடலாகாது. மனச்சோர்வினால் ஆறு மாத மருத்துவ விடுப்பில் சென்ற ஓர் ஆசிரியர், பள்ளிக்குத் திரும்பும் நாளை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் அறையில் அவர் நுழைந்ததும் பேச்சு அறுந்து மீண்டும் தொடங்கும். தேநீர் வைப்பவர்கூட ஒரு கணம் தயங்குவார். தலைமையாசிரியர் நல்லவர், எனவே அவருக்கு வகுப்பு எதுவும் ஒதுக்காமல் நூலகத்தைக் கொடுத்திருப்பார். சுமை குறையட்டும் என்பது அவர் கருத்து. நூலகத்தில் அமர்ந்து அடுத்த அறையில் தம் பழைய வகுப்பை வேறொருவர் நடத்தும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பவர் அதனை அவ்வாறு கொள்வாரா? சிலருக்கு நூலகம் உண்மையிலேயே இளைப்பாறும் நிழலாக இருக்கும். சிலருக்கு அது தஞ்சோங் ரம்புத்தானின் இன்னொரு கூடம். எவருக்கு எது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. பெற்றோர் சங்கத்தில் எவரேனும் ஒருவர் எழுந்து, பிள்ளைகளின் பாதுகாப்பு என்று தொடங்குவார். அவருக்கு விடைகூறும் கடமை தலைமையாசிரியருடையது, திரும்பி வந்தவருடையதன்று. மூன்று மாதங்கழித்து அவர் மறுபடி ஒரு வாரம் விடுப்பெடுத்தால், "அன்றே சொன்னோம்" என்பார் சிலர். காய்ச்சலில் மறுபடி விடுப்பெடுத்த எவரையும் அவர்கள் அவ்வாறு சொன்னதில்லை. கால அட்டவணை பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன்பே எழுதி ஒட்டப்பட்டுவிடுகிறது. எந்த வகுப்பு வேண்டும், வாரத்துக்கு எத்தனை பாடவேளை இயலும் என்று அவரிடம் கேட்டபின் அதனை எழுதுவதற்கு வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பும், ஒட்டுவதில் நான்கு நாள் தாமதமும்.